சாவி கொடுத்த பிறகு வரும் ஒன்பது மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். 'மீட்கப்பட்டனர்' என்று தலைப்பு, பக்கத்தில் ஒரு வண்டி, முடி வெட்டி, குளிக்கவைத்து, புது உடுப்புப் போட்டு வரிசையாக உட்காரவைத்து எடுத்த படம். அந்தப் படங்களைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டவன்தான். வார இறுதி இரவுகளில் தெருவில் தூங்குபவர்களைப் போய்ப் பார்க்கும் ஒரு சிறிய குழுவோடு எட்டு வருடம் சுற்றிய பிறகுதான், அந்தச் செய்தி முடிகிற இடத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. இடம் இல்லையென்று வெட்டுவதானால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்டிருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்குப் பழக்கமான ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டியவர், பதினொரு வருடம் தெருவில் இருந்தார். அவருக்கு ஒரு அறை பிடித்துக் கொடுக்க ஒன்றரை வருடம் ஆனது. எத்தனை அலுவலகம், எத்தனை கையெழுத்து, எத்தனை வீட்டுக்காரர்கள் கதவருகிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்பதை எழுதினால் அதுவே தனிக் கடிதம் ஆகும். சாவி அவர் கைக்கு வந்த அன்று எங்களில் இரண்டு பேர் அழுதே விட்டார்கள். மூன்றாவது வாரம் வேறு யாரையோ தேடிப் பழைய இடத்துக்குப் போனபோது, அதே சுவரோரம், அதே மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அவர் படுத்திருந்தார். எங்களுக்கு முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்தோமே, ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ராத்திரியில அங்க யாரும் இருமக்கூட மாட்டேங்கிறாங்க."

அந்த வார்த்தை எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. பத்துப் பதினைந்து பேர் நடுவில் படுத்துப் பழகியவருக்குப் பக்கத்தில் கேட்கும் இருமல்தான் காவல். யாரோ விழித்திருக்கிறார்கள், நமக்கு ஒன்று என்றால் தெரியும் என்கிற தைரியம். அறையில் அது இல்லை. கதவைச் சாத்தினால் மூச்சு முட்டியிருக்கிறது, திறந்துபோட்டுப் படுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார். மின் கட்டணச் சீட்டு ஒன்று வந்ததாம், அதை என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இரண்டு வாரம் பயந்துகொண்டிருந்திருக்கிறார். கேட்பதற்கு ஆள் இல்லை. ஏன் இல்லை? அவர் தெருவில் இருந்தவரை வாரம் தவறாமல் அவரைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், அறை கிடைத்த அன்றைக்கே எங்கள் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே டிக் போட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டோம்.

அவர் தெருவுக்குத் திரும்பியதில் எங்கள் பங்கு இதுதான். தெருவிலேயே இருந்திருந்தால் நாங்கள் போய்ப் பார்த்திருப்போம், வீட்டுக்குப் போனதால் விட்டுவிட்டோம்.

பிறகுதான் இது எங்களுக்கு மட்டும் நடந்த தவறு இல்லை, உலகம் முழுக்க நடப்பது, இதை ஆராய்ந்து வழியும் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். நியூயார்க்கில் ஒரு பெரிய ராணுவக் கிடங்குக் கட்டடத்தை வீடற்ற ஆண்களுக்கான இரவு விடுதியாக நடத்தி வந்தார்கள். அங்கிருந்து தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு வீடு பார்த்து அனுப்புவார்கள், கொஞ்ச நாளில் பலர் திரும்பி வந்துவிடுவார்கள். வீடு கிடைப்பதற்கும் அந்த வீட்டில் காலூன்றுவதற்கும் நடுவில் இருக்கும் காலம்தான் ஆபத்தான காலம் என்று எஸ்ரா சஸ்ஸர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் புரிந்துகொண்டார்கள். அதனால் 96 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு வழக்கமான உதவி, மீதிப் பேருக்கு அதோடு கூட ஒன்பது மாதம் ஒரு ஆள் துணை என்று வைத்துப் பார்த்தார்கள். அந்த ஆள் விடுதியிலேயே அவர்களுக்குப் பழக்கமானவராக இருப்பார், முதல் மூன்று மாதம் வீட்டுக்கு அடிக்கடி வருவார், அடுத்த மூன்று மாதம் கொஞ்சம் விலகி நின்று பார்ப்பார், கடைசி மூன்று மாதத்தில் அக்கம்பக்கம், மருத்துவர், உறவு என்று வேறு கைகளில் ஒப்படைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் வித்தியாசம். 18 மாதக் கணக்கில் வழக்கமான உதவி பெற்றவர்கள் சராசரியாக 91 இரவுகள் வீடில்லாமல் கழித்திருந்தார்கள், துணை இருந்தவர்கள் 30 இரவுகள். 1997-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. துணை நின்றது ஒன்பது மாதம்தான், அதன் பலன் அந்த ஆள் போன பிறகும் நீடித்தது. அதைப் படித்த அன்று எங்கள் பழைய நோட்டை எடுத்து எத்தனை டிக் போட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மனம் வரவில்லை.

இங்கே இன்னொரு கேள்வி வரும், வீடே இவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று. வாசகர் கடிதங்களில் அடிக்கடி பார்க்கிறேன்: முதலில் குடியை விடட்டும், மருந்து சாப்பிடட்டும், ஒரு வேலையில் நிலைக்கட்டும், அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று எழுதுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருவில் ஒரே ஒரு வாரம் தூங்கிப் பார்த்தவர் யாரும் இப்படிச் சொல்லமாட்டார். தூக்கம் என்பதே அங்கே கிடையாது, அரைக்கண் மூடல்தான். செருப்பைத் திருடுவார்கள், போர்வையை இழுப்பார்கள், பெண்ணாக இருந்தால் பயம் இன்னும் கொடியது, நடுராத்திரியில் எழுப்பி வேறு இடம் போகச் சொல்வார்கள். மாத்திரையைப் பத்திரமாக வைக்க ஒரு அலமாரிகூட இல்லாதவரிடம் வேளைக்கு மாத்திரை சாப்பிடு என்றால் எப்படி? பலர் குடிப்பது தூங்குவதற்காக, சிலர் தூங்காமல் இருப்பதற்காக எதையாவது எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் நாமே மூன்று நாள் தூக்கம் கெட்டால் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறோம்.

சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992-ல் நியூயார்க்கில் இந்த வரிசையையே தலைகீழாக மாற்றினார். தெருவில் இருப்பவரிடம் எந்த நிபந்தனையும் போடாமல் முதலில் வீடு, மற்றதெல்லாம் அந்த வீட்டில் இருந்துகொண்டே, அவர் விரும்பும்போது, அவர் விரும்பும் வரிசையில். நடக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் அவருடைய திட்டத்தில் வந்தவர்களில் 88 சதவீதம் பேர் வீட்டில் நிலைத்திருந்தார்கள், படிப்படியாகத் தகுதி பெற்று வீட்டுக்கு வர வேண்டிய நகரத்தின் பழைய ஏற்பாட்டில் 47 சதவீதம் பேர்தான். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து இதை இன்னும் கறாராகச் சோதித்தார்கள். கடைசி ஆறு மாதத்தில் முழு நேரமும் வீட்டில் இருந்தவர்கள் இந்த வழியில் 62 சதவீதம், வழக்கமான வழியில் 31 சதவீதம்.

நான் நம்பும் விஷயம் என்பதற்காக மிகைப்படுத்த விரும்பவில்லை. அதே கனடா ஆய்வில் குடிப் பழக்கத்திலும் மனநோயிலும் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரு தரப்பிலுமே கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, அவ்வளவுதான். வீடு மருந்து இல்லை. மருந்து வேலை செய்ய ஒரு இடம், அவ்வளவே. செலவு விஷயமும் அப்படித்தான். அவசரச் சிகிச்சை, காவல், சிறை என்று அதிகம் செலவு வைத்த பத்து சதவீதம் பேரைப் பொறுத்தவரை வீட்டுக்குப் போட்ட பத்து டாலருக்கு 21 டாலருக்கு மேல் மிச்சமானது, மற்றவர்கள் விஷயத்தில் அந்த அளவு மிச்சமில்லை. பணம் மிச்சமாகும் என்று மட்டும் சொல்லி இதை விற்றால், மிச்சமாகாத ஆட்களை நாளைக்குக் கைவிட வேண்டிவரும். அதனால் அந்த வாதத்தை நான் தலையில் தூக்கிவைத்துக்கொள்வதில்லை.

ஃபின்லாந்தைப் பற்றி உங்கள் வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1980-களின் கடைசியில் பதினெட்டாயிரம் பேர் அளவுக்கு வீடில்லாதவர்கள் இருந்த நாடு அது. 2008-ல் வீடு முதலில் என்பதை அரசே கொள்கையாக எடுத்துக்கொண்டது. 2023-ல் அந்த எண்ணிக்கை 3,429. எனக்கு அதில் மிகவும் பிடித்தது எண்ணிக்கையைவிட, பழைய இரவு விடுதிகளை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. ஹெல்சிங்கியில் இருநூற்றுக்கும் மேற்பட்ட படுக்கைகள் போட்டிருந்த சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவச் சேவை அமைப்பின் விடுதியை முழுதாகப் புதுப்பித்து எண்பது சொச்சம் தனித்தனி வீடுகளாக மாற்றி, 2012-ல் திறந்தார்கள். படுக்கை எண் போய் வாசல் எண் வந்தது. அவரவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், அவரவர் சாவி. அதே கட்டடத்தில் ஊழியர்களும் இருக்கிறார்கள், வேண்டுமென்றால் போய்ப் பேசலாம். அதற்கும் முன்பே, 1985-ல் தொடங்கிய ஒரு அறக்கட்டளை, சாதாரணக் குடியிருப்புகளில் அங்கொன்று இங்கொன்றாக வீடுகளை வாங்கி, வீடில்லாதவர்களுக்கு வாடகைக்கு விட ஏற்பாடு செய்து வந்தது. இதனால் தெருவில் இருந்து வந்தவர்களை எல்லாம் ஒரே கட்டடத்தில் அடைத்து அந்தக் கட்டடத்துக்கே ஒரு பெயர் வந்துவிடுகிற நிலை தவிர்க்கப்பட்டது. ஆனால் ஒன்று, 2024-ல் அங்கேயும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. வீட்டு வாடகை உதவித்தொகையில் அரசு கைவைத்த வருடம் அது.

சரி, வீடு இருக்கிறது, திட்டம் இருக்கிறது, அப்படியும் "கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறாங்க" என்று சொல்வார்கள். உண்மைதான், வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. நாங்கள் கேட்டபோது கிடைத்த பதில்கள் எதுவும் விசித்திரமானவை அல்ல. விடுதியில் ஆண்கள் தனி, பெண்கள் தனி, கணவனும் மனைவியும் பிரிய வேண்டும் என்றார்கள். நாயை உள்ளே விடமாட்டார்கள் என்றார் ஒருவர், அந்த நாய் ஆறு வருடமாக அவர் காலடியில் படுத்துக் காவல் காத்தது, அதை விட்டுவிட்டு அவர் எப்படிப் போவார்? காலையில் ஆறு மணிக்கு வெளியே போகச் சொல்லிவிடுவார்கள், இரவு வேலைக்குப் போகிறவன் எப்போது தூங்குவது என்றார் இன்னொருவர். பெட்டியை வைக்க இடமில்லை, வைத்தால் இருக்காது. ஒரு அம்மா முன்பு ஒரு காப்பகத்தில் பட்ட அவமானத்தைச் சொன்னார்கள், அதை இங்கே எழுத முடியாது. இதையெல்லாம் கேட்ட பிறகு அவர்கள் 'திருந்த விரும்பாதவர்கள்' என்ற சொல் என் வாயில் வருவதில்லை.

நம்பிக்கை வர நாளாகும், அதற்கு அவசரப்படக் கூடாது. பாஸ்டனில் 1985-ல் வீடற்றவர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் சேர்ந்த ஜிம் ஓ'கானல் என்ற இளம் மருத்துவர், முதல் நாளே ஸ்டெதஸ்கோப்பும் கையுமாகப் போய் நின்றார். அங்கே ரொம்ப காலமாக வேலை செய்த பார்பரா மெக்கின்னிஸ் என்ற செவிலியர் அவருடைய மருத்துவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வருகிறவர்களின் கால்களை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவச் சொன்னார். வாரக்கணக்கில் அவர் அதைத்தான் செய்தார். நாளெல்லாம் நின்று நடந்து வீங்கிய கால்கள் அவை. டாக்டர் என்றாலே விலகிப் போனவர்கள் கால் கழுவுகிறவரிடம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்த மருத்துவர் அப்படியே நாற்பது வருடத்துக்குப் பக்கமாக அந்த வேலையில் இருந்துவிட்டார். எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். முதல் நாளே பெயர், ஊர், குடும்பம், ஏன் இப்படி ஆனாய் என்று விசாரிக்காதீர்கள், அது போலீஸ்காரர் கேட்கிற கேள்வி. பக்கத்தில் உட்காருங்கள், அவர் கண் மட்டத்தில் உங்கள் கண் இருக்கட்டும், நின்றுகொண்டு குனிந்து பேசாதீர்கள். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் வாருங்கள், வரமுடியாது என்றால் சொல்லாதீர்கள்.

உடம்பைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரையின்படி, வீடில்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்க்கையில் எப்போதோ ஒருமுறையாவது தலையில் அடிபட்டு மூளையில் காயம் ஏற்பட்டிருக்கிறது. பலருக்கு அது தெருவுக்கு வருவதற்கு முன்பே பட்ட அடி. நாம் சொன்னதை மறந்துவிடுகிறார், சொன்ன நேரத்துக்கு வரவில்லை, சட்டென்று கத்துகிறார் என்று நாம் குறைசொல்கிற எத்தனையோ பேருக்கு அதுவாகவும் இருக்கலாம். மூன்று முறை அலுவலகத்துக்கு வரத் தவறினால் பெயரை நீக்கிவிடும் விதி போட்டிருப்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

அப்புறம் காகிதங்கள். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். அடையாள அட்டை கேட்டால் முகவரி வேண்டும் என்கிறார்கள், முகவரி வேண்டுமென்றால் வீடு வேண்டும், வீட்டுக்காரர் அடையாள அட்டையைக் கேட்கிறார், வேலை தருகிறவர் வங்கிக் கணக்கைக் கேட்கிறார், வங்கி மறுபடி அடையாள அட்டைக்கே அனுப்புகிறது. இந்தச் சுற்றில் அவருடைய வருடங்கள் போகின்றன. சிரமப்பட்டு வாங்கிய அட்டை ஒரு ராத்திரியில் மழையில் நனைந்தோ பையோடு திருட்டுப் போயோ தொலைகிறது, மறுபடி முதலில் இருந்து. போன் திருட்டுப் போய் நம்பர் மாறுகிறது, எத்தனையோ மாதம் காத்திருந்த வீட்டுக்கான அழைப்பு பழைய நம்பருக்கு வருகிறது, எடுக்க ஆள் இல்லை, வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. இது நான் கண்ணால் பார்த்தது. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். நம்பகமான ஒரு நிறுவனம், கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ நூலகமோ எதுவாக இருந்தாலும் சரி, தன் முகவரியைக் கடிதப் போக்குவரத்துக்குக் கொடுத்து, அட்டைகளின் நகலைப் பூட்டி வைத்துக்கொண்டால் போதும், எத்தனையோ பேருக்கு அந்தச் சுற்று ஒரு இடத்தில் அறும். முகவரி கொடுத்தால் பொறுப்பு நம் தலையில் விழுமோ என்று பயப்படுகிறார்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவரை உட்காரவைத்து அந்தப் பயத்தைப் போக்க வேண்டும்.

குடும்பத்தோடு சேர்த்துவைப்பது என்று ஒன்று இருக்கிறது, பத்திரிகைகளுக்கும் மிகவும் பிடித்த செய்தி. இருபது வருடம் கழித்து அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழும் படம். அது நடக்கும்போது அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை, நானே இரண்டு முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் தெருவுக்கு வந்த பலர், முக்கியமாகப் பெண்களும் இளம் பிள்ளைகளும், அந்த வீட்டில் இருந்து தப்பித்து வந்தவர்கள். அடிக்குப் பயந்து ஓடிவந்தவளைக் கண்டுபிடித்து அதே வாசலில் கொண்டுபோய் விடுவது மறுவாழ்வு ஆகாது. அவர்களிடம் கேட்டுவிட்டு, போனில் ஒருமுறை பேசவைத்துவிட்டு, ஒரு நாள் போய்த் தங்கிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர ஒரு இடமும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது இது. போக வீடே இல்லாதவர்களும் இருக்கிறார்கள், போனால் ஏற்காத வீடுகளும் இருக்கின்றன. சென்னையில் 1993 முதல் இயங்கும் பான்யன் அமைப்பு, மனநோயோடு தெருவில் அலைந்த பெண்களுக்காகத் தொடங்கியது, இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. மருத்துவமனையிலேயே வருடக்கணக்கில் தங்கிவிட்ட பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீட்டில், கூட ஒரு உதவியாளரோடு குடும்பம் மாதிரி வாழ்கிறார்கள். யாரோடு இருக்கிறோம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் பெரியவருக்கு வேண்டியிருந்ததும் இதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தனி அறை கொடுப்பதுதான் மரியாதை என்று நாங்கள் நினைத்தோம். பக்கத்து அறையில் இருமல் கேட்கும் வீடுதான் அவருக்குத் தேவையாக இருந்தது. சிலருக்குத் தனிமை வேண்டும், சிலருக்கு ஆள் வேண்டும். கேட்டால் சொல்வார்கள்.

பணத்தைக் கையில் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பதும் நாம் கேட்காமலே முடிவுசெய்துகொண்ட ஒன்று. வான்கூவரில் 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடிய டாலரை மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் அவர்கள், பணம் பெறாதவர்களைவிடச் சராசரியாக 99 நாட்கள் குறைவாக வீடில்லாமல் இருந்தார்கள். குடிக்கும் போதைக்கும் செலவு கூடவில்லை. கடுமையான போதைப் பழக்கமோ மனநோயோ உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை போனது, வாடகை பாக்கி, குடும்பத்தில் உடைப்பு என்று சமீபத்தில் தெருவுக்கு வந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்பணத்துக்கான தொகை சரியான நேரத்தில் கிடைத்தால் போதும், தெரு அவர்கள் உடம்பில் ஊறுவதற்கு முன் வெளியே வந்துவிடுவார்கள். ஒவ்வொரு மாதம் தள்ளிப்போவதும் ஆபத்து. இன்னொரு பக்கம், மருத்துவமனையில் இருந்தும் சிறையில் இருந்தும் பிள்ளைகள் காப்பகத்தில் இருந்தும் ஆட்களை நேராகத் தெருவுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கால் புண்ணுக்குத் தையல் போட்டு, ஓய்வெடுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பினால் அவர் எங்கே போய் ஓய்வெடுப்பார்? எங்கே போகிறீர்கள் என்று கேட்காமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்று ஒரு விதி வந்தால் தெருவுக்கு வருபவர்களில் ஒரு பகுதி அங்கேயே குறையும்.

சமூகத்தில் மறுபடி சேர்வது என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அவர்களை எப்போதும் வாங்கிக்கொள்கிற இடத்திலேயே வைத்திருக்கிறோம். போர்வை வாங்கிக்கொள்பவர், உடுப்பு வாங்கிக்கொள்பவர், அறிவுரை வாங்கிக்கொள்பவர். பிரான்ஸில் 1949-ல் அபே பியர் என்ற பாதிரியாரிடம், சிறையில் இருந்து வெளியே வந்து தற்கொலைக்கு முயன்ற ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை, வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஆள் போதவில்லை, கொஞ்சம் உதவி செய்ய வருகிறாயா என்கிற மாதிரிதான் அவர் கேட்டார். அங்கிருந்து தொடங்கியதுதான் எம்மாவுஸ் இயக்கம். இன்று பல நாடுகளில் பழைய பொருட்களைச் சேகரித்துச் சரிசெய்து விற்று, தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் குடியிருப்புகளாக இருக்கிறது. லண்டனில் 1991-ல் வந்த பிக் இஷ்யூ பத்திரிகையும் ஏறக்குறைய இந்த எண்ணம்தான், வீடில்லாதவர் பத்திரிகையைத் தன் பணத்தில் வாங்கித் தெருவில் விற்று லாபத்தை எடுத்துக்கொள்வார், கையேந்த வேண்டியதில்லை. வருடாவருடம் வீடற்றவர்களுக்கான உலகக் கால்பந்துப் போட்டிகூட நடக்கிறது, முதல் போட்டி ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் 2003-ல் நடந்தது. தினமும் பயிற்சிக்கு உன்னை எதிர்பார்த்து நாலு பேர் நிற்கிறார்கள் என்பதே சிலரை எழுந்து வரவைக்கிறது. எங்கள் அனுபவத்திலும் அப்படித்தான். நாங்கள் ஒருவருக்குச் செய்ததெல்லாம் அவரை அசைக்கவில்லை, எங்கள் வண்டி ஒருநாள் நின்றுபோனபோது தள்ளிவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கிளப்பிக் கொடுத்தார், அவர் பழைய மெக்கானிக் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று வருடமாக அவரிடம் நீங்கள் என்ன வேலை தெரிந்தவர் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

எங்கள் பெரியவரைப் பற்றி முடிக்காமல் விட்டுவிட்டேன். ஏழு மாதம் கழித்து அவருக்கு இரண்டாவது முறை ஒரு இடம் கிடைத்தது, இந்த முறை அவருக்கு ஏற்கெனவே பழக்கமான இன்னொருவரும் அதே வீட்டில். எங்களில் ஒருவர் முதல் மாதம் வாரம் மூன்று நாள் போனார், பிறகு வாரம் ஒரு நாள். வேலை என்று எதுவும் செய்யவில்லை, கட்டணச் சீட்டைப் படித்துச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரரிடம் அறிமுகம் செய்துவைத்தார், பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டபோது ஒரு ரேடியோ கேட்டார், ராத்திரியில் மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கட்டும் என்று. முதல் இரண்டு மாதம் தரையில், கதவோரமாகத்தான் படுத்தார். கட்டிலில் ஏறிப் படுத்த விஷயத்தை எங்களிடம் அவராகவே போன் செய்து சொன்னார். நாலு வருடம் ஆகிறது, அங்கேதான் இருக்கிறார். குடி முழுதாக விடவில்லை, குறைந்திருக்கிறது.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். குளிர்காலத்தில் போர்வை கொடுத்த செய்தியையும், மீட்கப்பட்டனர் என்ற செய்தியையும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த தேதியை உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒரு டைரியில் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஒன்பது மாதம் கழித்து அதே அதிகாரியிடமோ அதே அமைப்பிடமோ ஒரு நிருபரை அனுப்பி, அன்றைக்கு நீங்கள் கொண்டுபோன இத்தனை பேரில் இன்றைக்கு எத்தனை பேர் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள், மீதிப் பேர் எங்கே, அவர்களைக் கடைசியாகப் போய்ப் பார்த்தது யார், எப்போது என்று கேட்கச் சொல்லுங்கள். படம் வேண்டாம், பெயர் வேண்டாம், அவர்கள் முகத்தை ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. எண்ணிக்கையை மட்டும், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். எங்கள் குழுவின் நோட்டில் இருந்தே நீங்கள் ஆரம்பிக்கலாம், நாங்கள் மறைக்கமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்